என் மகளும் என் தம்பியும் வளர்ந்த வருடம்

தலைப்பிரசவத்துக்காக நான் தாய் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, என் அம்மாவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பெரம்பலூருக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்டிருந்த ஊருக்கு, என் வளைகாப்புக்கு, அப்பாவும் பெரியம்மாவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார முடியாது என்று பெரியம்மா சொன்னாள். அப்பா அப்போது எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வண்டி அரியலூரைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நின்றபோது, ஆலத்தட்டோடு நின்றது பக்கத்து வீட்டு அக்கா. என் தங்கைகள் இரண்டு பேரும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் ஒரு கள்ளச்சிரிப்பு இருந்தது.

"அம்மா எங்கடி?"

"உள்ள இருக்கு. நீயே போய்ப் பாரு."

அம்மா அடுப்படியில் நெல் குதிருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தேன். அவளும் என் வயிற்றைத்தான் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"என்னன்னு கேட்டா நான் என்னத்தடி சொல்றது? கை கால கழுவிட்டு சாப்புட வா."

அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால் அவள் இளம்பெண்தான். ஆனால் அன்று எனக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பிள்ளை பெறுவது எங்கள் பக்கம் சிரிப்புக்கு இடமான காரியம். என் கடைசித் தங்கை பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த வீட்டில் இது நடந்திருந்தது. அன்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். அந்த மாதமே அம்மாவுக்கு மகன் பிறந்தான். ஒரே மருத்துவச்சி, ஒரே அறை. உத்தரத்தில் இரண்டு சேலைகளைக் கட்டித் தூளி போட்டார்கள். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பேத்தி பிறந்ததற்கும் சேர்த்துத்தான் அவர் கற்கண்டு கொடுத்தார் என்றாலும், மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த ஆண்பிள்ளை அவருடைய நடையையே மாற்றிவிட்டது. அரியலூர்க் கடைத்தெருவுக்குப் போனால் வேண்டுமென்றே நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்பார்.

"எங்க வூட்டுல மாமனும் மருமவளும் ஒண்ணா தூளியில ஆடுதுங்க" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

முதல் பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் திகைப்புதான். என் தங்கைகளை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். குழந்தை சிரிக்கும், கவிழும், தவழும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் என் மகள் என் முகத்தைப் பார்த்து முதல் முதலாகச் சிரித்தபோது, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்து அப்படிச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? இன்னொரு நாள் அவள் தன் கையைக் கண்டுபிடித்தாள். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விரல்களை விரித்து மடக்கி, இது எங்கிருந்து வந்தது என்பது மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அம்மா வந்து சத்தம் போட்டாள்.

தம்பியிடம் இதெல்லாம் இல்லை. அவனுக்குப் பெரிய கண்கள். எதையும் நெடுநேரம் பார்ப்பான். ஆனால் பார்த்துவிட்டுச் சிரிக்க மாட்டான். அழுதால் பூனைக்குட்டி கத்துவது போலச் சின்னக் குரல்தான் வரும். என் மகளுக்குத் தலை நின்றுவிட்டது. தோளில் போட்டால் நிமிர்ந்து தெருவைப் பார்ப்பாள். அவனைத் தோளில் போட்டால் தலை துவண்டு என் கழுத்தில் விழும்.

"ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் வளரும்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

அம்மா ஒருபோதும் எனக்கு நேராக உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் முழுக்க மூடிக்கொள்வாள். கட்டிக்கொடுத்த மகள் எதிரில் வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் திரும்பிக்கொண்டால் நானும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

என் மகள் கவிழ்ந்துவிட்டாள் என்ற செய்தி கேட்டுப் பெரியம்மா ஒரு காலைப்பொழுதில் வந்தாள். பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. ஊரில் எந்த வீட்டில் எந்தக் குழந்தை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பது அவளுக்கு மனப்பாடம். குழந்தைகளைப் பாயில் போடச் சொன்னாள். என் மகள் போட்டதும் புரண்டு கவிழ்ந்து, தலையைத் தூக்கி அவளைப் பார்த்து எச்சில் வடித்தாள். தம்பி மல்லாந்தபடி கிடந்தான்.

"ஏ, பொட்டப்புள்ள கவுந்துடுச்சு. இவன் என்ன இன்னும் வானத்தப் பாத்துக்கிட்டு கெடக்கான்?"

"அவனும் கவுந்துட்டான் அக்கா" என்றாள் அம்மா. "காலையிலதான் கவுந்தான். இப்பதான் பால் குடிச்சான், அசதியா கெடக்கான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. அவன் கவிழவில்லை. என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் ஒரு வெல்லத்துண்டை ஒளித்ததற்காக என் காதைத் திருகியவள் அவள்.

குழந்தை கவிழ்ந்தால் எங்கள் வீட்டில் கொழுக்கட்டை பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது வழக்கம். அன்று அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே மாவு இடித்தாள். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தனுப்பினாள். அப்பா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "எம் மவன் கவுந்த கொழுக்கட்ட" என்று சொல்லித் தின்றார்.

மறுநாள் நான் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வந்தபோது, அம்மா பாயருகே குந்தியிருந்தாள். என் காலடி அவளுக்குக் கேட்கவில்லை. அவள் தம்பியின் தோளுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்து அவனைக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "தலையத் தூக்குடா சாமி, தூக்குடா" என்று கெஞ்சினாள். அவன் முகம் அப்படியே துணிக்குள் புதைந்தது. ஒரு முறை தலை அசைந்தது. பிறகு அசையவில்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு, இதோ தூக்கிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஓடிப்போய் அவனை வாரித் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் என் கை மேலே போய்விட்டது. என் மகளைத் தூக்கிப் பழகிய கை அது. அந்த அளவுக்குக் கனம் இருக்கும் என்று எடுத்திருந்தேன். அவன் கொட்டை எடுத்த பஞ்சு மாதிரி இருந்தான். சட்டைக்குள்ளே விலா எலும்பு ஒவ்வொன்றும் என் விரலில் பட்டது. எத்தனையோ முறை அவனைத் தூக்கியிருக்கிறேன். எப்போதும் துணி சுற்றிய மூட்டையாகத்தான் அம்மா அவனை என்னிடம் தருவாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் மூச்சு வாங்கினான். பிறகு அவன் வாய் என் ரவிக்கையைத் தேடியது. துவண்டு விழும் தலைதான். ஆனால் அந்தத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, மோப்பம் பிடித்து, துணியோடு கவ்வி இழுத்தது. பால் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்தது.

"இவனுக்குப் பசிக்குதும்மா."

"இப்பதாண்டி குடுத்தேன்."

"என்னத்தக் குடுத்த?"

நான் கேட்டதே தப்பு என்பது போல அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பால் இல்லடி."

பிரசவமான கொஞ்ச நாளில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியும். பத்து நாள் படுக்கையில் கிடந்தாள். அதோடு பால் வற்றிவிட்டதாம். பசும்பால் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவனுக்கு வயிற்றால் போயிற்று. அதனால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகவே இன்னும் தண்ணீர். கடைசியில் வெறும் வெண்ணிறத் தண்ணீரைச் சங்கில் புகட்டிக்கொண்டிருந்தாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து. எல்லோரும் இருக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, வற்றிய மார்பில் அவனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக்கணக்கில். நான் ஐந்தடி தூரத்தில், ரவிக்கையெல்லாம் பாலில் நனைந்து, என் மகள் குடித்தது போக மிச்சத்தைக் கொல்லையில் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்படிடி சொல்றது? மவ புள்ள பெக்க வந்த வூட்டுல ஆத்தாளும் புள்ள பெத்துக்கிட்டான்னு ஊரே சிரிக்குது. பெத்த புள்ளைக்குப் பாலும் இல்லன்னு வேற சொல்லணுமா?"

"ஊருகிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லலாம்ல? எங்கிட்டதான் இருக்கே."

"அது ஒன் மாமியா வூட்டுப் பாலு" என்றாள் அம்மா. "நீ கட்டிக் குடுத்துட்ட பொண்ணு. ஒன் மவளும் அந்த வூட்டுப் புள்ள. அதுக்கு வந்த பால நான் எப்படிக் கேப்பேன்?"

இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒரு வீட்டுப் பாத்திரத்தை இன்னொரு வீட்டுக்காரி கேட்கக் கூடாது என்பது போலத்தான் சொன்னாள். இந்த வீட்டில் கண்ணால் பார்த்தே எங்களை அடக்கியவள், அப்பாவே பேசத் தயங்குகிற அம்மா, இவ்வளவு நாளாகப் பயந்து பயந்து பிள்ளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவனை மடியில் போட்டுக்கொண்டேன். அவன் இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகள் விளையாடிக்கொண்டே, நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறவள். இவன் கையை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு, மூச்சு விடவும் நேரமில்லாதவன் போலக் குடித்தான். தொண்டை அசைவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதத்திலேயே அவனுக்குத் தலை நின்றது. ஒரு நாள் என் மகள் தும்மியபோது அவன் சத்தமாகச் சிரித்தான். அதுதான் அவனுடைய முதல் சிரிப்பு. அம்மா ஓடிவந்து, "யாரு சிரிச்சா?" என்று கேட்டாள். சிரித்தது அவன்தான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் நான் அவனுக்குக் கொடுத்தேன்.

ஐந்தாம் மாதம் என்னை அழைத்துப்போக என் மாமியாரும் கணவரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மாமியார் குரலை உயர்த்தித்தான் பேசுவாள். நல்லதையும் சண்டை போடுவது போலத்தான் சொல்வாள். அந்த வருடம் எங்கள் கரிசல் காட்டில் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. வீட்டில் ஆள் வேண்டும் என்பதால் ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன் என்று வந்ததுமே சொல்லிவிட்டாள்.

அம்மா எனக்கும் குழந்தைக்கும் செய்ய வேண்டிய சீரை எடுத்து வைத்தாள். என் துணிகளை மடித்தாள். நான் பின்னாலேயே போய், "நான் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். "வாயத் தொறந்த, நான் கெணத்துல வுழுந்துடுவேன்" என்றாள் என்னைப் பார்க்காமலே.

கிளம்பும் நேரம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வயிறு நிறையக் குடித்துவிட்டு என் மகள் மாமியார் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உள் அறையில் தம்பி தூளியில் அழ ஆரம்பித்தான். முன்போல் பூனைக்குட்டிக் குரல் இல்லை. நன்றாகவே கத்தினான். அம்மா எழுந்து உள்ளே போனாள். அழுகை நிற்கவில்லை. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி இது?" என்றாள் மாமியார்.

நான் நிமிர்ந்தேன். அவள் என் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் புது ரவிக்கை. அதன் முன்பக்கம் முழுக்க நனைந்து கறுத்துப் போயிருந்தது. நான் முந்தானையை இழுத்து மூடினேன். அவள் தன் மடியில் தூங்கும் பேத்தியைப் பார்த்தாள். உள்ளே அழும் குரலைக் கேட்டாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆறு பிள்ளைகள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் புள்ளைய எடுத்தாங்க சம்பந்தி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. மாமியார் எழுந்து போய் அவனை வாங்கினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தன நாளா எம் மருமவ குடுக்கிறா?"

"ஒரு மாசமா" என்றேன் நான்.

"அதுக்கு முன்ன?"

அப்பா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன? என்ன சங்கதி?" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுகைக்கு நடுவே வந்த சொற்களைக் கேட்டு அப்பாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "ஊரெல்லாம் கொழுக்கட்ட குடுத்தமே" என்று மட்டும் சொன்னார்.

மாமியார் சண்டை பிடிப்பாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். என் பேத்தியின் பாலைத் திருடிக் கொடுத்தாயா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வண்டியில எடம் இருக்கு. ரெண்டையும் தூக்கிட்டு ஏறு."

"அது எப்படிங்க?" என்றார் அப்பா. "எம் மவன் பொண்ணு குடுத்த வூட்டுல வளரறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பால் குடுக்குமாங்க?"

"மவ இங்கயே ரெண்டு மாசம் இருக்கட்டும்னு..."

"காட்டுல பருத்தி வெடிச்சுக் கெடக்குது. எம் மவன் எத்தன நாள் தனியா இருப்பான்? எம் பேத்தி எங்க வூட்டுல வளர வேணாமா? நான் ஒண்ணும் தருமம் பண்ணலங்க. என் வூட்டுக்கு என் மருமவ வேணும். அவளோட இது ஒட்டிக்கிட்டு வருது, வரட்டும்."

என் கணவர் எழுந்து வண்டியில் வைக்கோலை இன்னும் கொஞ்சம் பரப்பி, மேலே ஜமுக்காளத்தை விரித்தார்.

அம்மா அவனை மறுபடி கையில் வாங்கவில்லை. வாங்கினால் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ. வண்டி தெருக்கோடி திரும்பும்வரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்பிள்ளைக்காகப் பதினேழு வருடம் ஏங்கியவள். சம்பந்தி வீட்டில் வந்து தங்குவது முறையில்லை. வீட்டில் இரண்டு பெண்கள், மாடு, வயல் வேலை. அவள் கூட வருவது பற்றி யாரும் பேசவே இல்லை.

என் கணவர் ஊரில் பார்த்தவர்கள் இரட்டைப் பிள்ளை என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் மாமியாரிடம் வந்து குத்திக் கேட்டார்கள். "ரெண்டும் இந்த வூட்டுச் சோறுதான். ஒனக்கென்ன நட்டம்?" என்று அவர்களை அனுப்புவாள். உள்ளே வந்து என்னைத் திட்டுவாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை, ரெண்டு உயிரை வைத்துக்கொண்டு குருவி மாதிரி கொறிக்கிறேன் என்று திட்டுவாள். கம்பஞ்சோற்றில் பூண்டுக் குழம்பை ஊற்றி, கருவாட்டை வைத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

தம்பி அங்கேதான் கவிழ்ந்தான், உண்மையாகவே. என் மகள் தவழ ஆரம்பித்த பிறகு அது நடந்தது. அவன் கவிழ்ந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடம் சொல்வது? அம்மாவுக்குச் சொல்ல வழியில்லை. மாமியாரிடம் சொன்னேன். "கவுந்தா கவுந்துட்டுப் போறான்" என்று முறத்தைத் தட்டினாள். ஆனால் அன்று சாயங்காலம் அவளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அவன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடி, ஒரு கையை ஊன்றி, இடுப்பால் நகர்ந்து நகர்ந்து போனான். அந்த நகர்தலில் என்ன வேகம்! என் மகள் முட்டி தேயத் தவழ்ந்து பின்னால் போனாலும் அவனைப் பிடிக்க முடியாது. கால் விளங்காதோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. தவழாத பிள்ளை நடக்காது என்று ஊரில் சிலர் சொன்னார்கள்.

ஒரு நாள் நாங்கள் தொழுவத்துக்குப் பக்கத்தில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தோம். கன்றுக்குட்டி ஒன்று நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. தம்பி நகர்ந்து போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். விளையாடுகிறான் என்று விட்டுவிட்டோம். கன்று சட்டென்று எழுந்தது. கழுத்தைக் கட்டியிருந்த அவனும் அதோடு எழுந்தான். மாமியார் "ஐயோ" என்று கத்தினாள். என் மடியிலிருந்த பருத்தியெல்லாம் கொட்டிப்போனது. நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் கன்று ஓரடி தள்ளிப் போய்விட்டது. அவன் விழவில்லை. எதையும் பிடிக்காமல், இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, தனியாக நின்றான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தோம். அவனுக்கும் அதிர்ச்சிதான். தன் காலையே குனிந்து பார்த்தான். பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். என் மகள் அப்போது இன்னும் சுவரைப் பிடித்துக்கூட நின்றதில்லை.

வருடம் நிறைந்ததும் இரண்டு குழந்தைகளுக்கும் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் மொட்டை போடுவதாக ஏற்பாடு. அது உலகச் சண்டை நடந்த காலம், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கரியைப் போட்டு ஓட்டும் பஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அந்த பஸ்ஸில் அம்மா, அப்பா, தங்கைகள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். அம்மா உடம்பெல்லாம் புழுதியும் கரியுமாக இருந்தாள். நடுவில் ஒரே ஒரு முறை அப்பா மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அவனைப் பார்ப்பது வண்டி ஏறிய நாளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

நான் ஒரு இடுப்பில் மகளும் ஒரு இடுப்பில் தம்பியுமாகக் கோயில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். வரும் வழியெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். அம்மாவைப் பெத்த அம்மாயி வரும், அம்மாயி உனக்கு வளையல் கொண்டாரும் என்று. அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். அருகில் வந்ததும் நின்றுவிட்டாள். என் தம்பியின் தொடையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். இது அவன்தானா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா பாரு" என்றேன் மகளிடம்.

"மாயி" என்றாள் மகள்.

உடனே தம்பியும் விரலை நீட்டினான். "மாயி" என்றான், அவளை விடவும் தெளிவாக.

கோயில் கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் எனக்குக் கேட்காமல் போனது. நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மகளுக்குச் சொன்னதை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். என்னை அவன் ஏற்கெனவே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்படியென்றால் வருகிறவள் யாராக இருக்க முடியும்? அவனைப் பொறுத்தவரை அது சரிதான். அப்பா திகைத்துப் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மாமியார்தான் முதலில் பேசினாள். "டேய், அது ஒன்னப் பெத்த ஆத்தாடா. அம்மான்னு சொல்லு" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"வேணாம் சம்பந்தி" என்றாள் அம்மா. அவன் நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்டா சாமி. மாயிதான் வந்திருக்கேன்."

அவள் கை நீட்டினாள். அவன் போகவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று மொட்டை போடும்போது அம்மாவின் மடியில் உட்கார வைக்கப் பார்த்து, அவன் அழுத அழுகையில் நாவிதர் கத்தியை வைக்கவே பயந்தார். கடைசியில் என் மடியில்தான் உட்கார்ந்தான். என் மகள் தன் அம்மாயி மடியில் சமர்த்தாக உட்கார்ந்து, புது வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மொட்டை முடிந்து சாப்பிட்ட பிறகு, மரத்தடியில் குழந்தைகள் தூங்கின. அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப கவுந்தான்?" என்று கேட்டாள்.

சொன்னேன். பல் எது முதலில் முளைத்தது, மேலா கீழா என்று கேட்டாள். சொன்னேன். தவழ்ந்தானா? தவழவில்லை, இடுப்பால் நகர்ந்தான் என்று சொன்னேன். எப்படி என்று கேட்டாள். நான் மணலில் உட்கார்ந்து ஒரு கையை ஊன்றி நகர்ந்து காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்றுக்குட்டி சங்கதியைச் சொன்னபோது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள், இப்போதுதான் நடக்கிறது என்பது போல. பிறகு அதையே மறுபடி சொல்லச் சொன்னாள். நான் மறுபடி சொன்னேன்.

பால் மறக்கும் வயதுவரை அவன் எங்களிடமே இருந்தான். பிறகு கொண்டுபோய் விட்டோம். நாலைந்து நாள் அழுதான், சாப்பிடவில்லை என்று அப்பா சொல்லியனுப்பினார். எனக்கும் காய்ச்சல் வந்தது. மாமியார் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் தொழுவத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். பள்ளிக்கூடம் போன பிறகு என்னை அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான். அம்மாவை மட்டும் கடைசிவரை மாயி என்றுதான் கூப்பிட்டான். அம்மாவும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு விழிப்பார்கள். அவள் அதை யாருக்கும் விளக்கியதில்லை.